பால்மாப் பேணிக்குள் இருந்த காசு: பெண்களின் பணக் கதைகளை அரங்குக்குக் கொண்டுவர ஒரு முழுமையான வழிகாட்டி

முதல் பட்டறை முடிந்த அன்று பஸ் காசு கொடுத்தேன். மேசையில் கையெழுத்துப் பட்டியலை வைத்து, ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிட்டு, ஆளுக்கு 300 ரூபாய். இரண்டு மணி நேரமாகச் சிரித்துப் பேசி எல்லாரையும் கலகலப்பாக வைத்திருந்த ஒரு அக்கா மேசைக்கு முன்னால் வந்து நின்றார். இடது கையால் வலது முழங்கையைத் தாங்கி, தலையைக் குனிந்து, என் முகத்தைப் பார்க்காமல் வாங்கினார். சுனாமிக்குப் பிறகு நிவாரண வரிசைகளில் நான் பார்த்த அதே நிற்பு. நான்தான் அவரை அப்படி நிற்க வைத்தேன் என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது.

அன்றிலிருந்து பஸ் காசை ஒரு பிஸ்கட் பேணியில் போட்டு வாசல் பக்கம் வைக்கிறேன். வேண்டியவர் வேண்டியதை எடுத்துக்கொண்டு போவார். கணக்கு ஒரு நாளும் பெரிதாகப் பிசகியதில்லை.

இந்த வழிகாட்டி எனக்கு அந்த மேசையில்தான் தொடங்கியது. காசைப் பற்றிப் பெண்களோடு பேசுவது என்றால் வரவு செலவு எழுதப் பழக்குவது என்றே பலர் நினைக்கிறார்கள். திருகோணமலையில் நான் சந்தித்த பெண்களுக்குக் கணக்கு நன்றாகத் தெரியும். சீட்டு எப்போது விழும், கடைக் கொப்பியில் எவ்வளவு நிற்கிறது, அடகு வைத்த எந்த நகை எந்த அடைவுக் கடையில் எந்தத் தேதியில் மீட்க முடியாமல் மூழ்கும் என்பதெல்லாம் விரல் நுனியில் இருக்கும். ஆனால் அந்தக் கணக்கு முழுவதையும் ஒளித்து வைத்தே செய்கிறார்கள். புருஷனுக்குத் தெரியாமல், மாமிக்குத் தெரியாமல், சில நேரம் தங்களுக்கே தெரியாதது போல. அதை வெளியே எடுத்துப் பார்க்கவும், எடுத்தவர் அவமானப்படாமல் இருக்கவும் கதையும் நாடகமும் உதவும். ஆறு சந்திப்புகள், ஒவ்வொன்றும் இரண்டரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லும் ஒழுங்கில் போனால் போதும்.

ஆட்களும் இடமும்

பத்துப் பேரிலிருந்து பதினான்கு பேர் வரை போதும். அதற்கு மேல் போனால் ஒவ்வொருவரும் பேச நேரம் இருக்காது. எட்டுக்குக் கீழே குறைந்தால் ஒருவர் வராத நாளில் எல்லாம் நின்றுவிடும்.

யார் யார் ஒரே குழுவில் இருக்கக் கூடாது என்பதை முதலில் பாருங்கள். மாமியும் மருமகளும் வேண்டாம். சீட்டுப் பிடிக்கிறவரையும் அந்தச் சீட்டில் இருப்பவர்களையும் ஒன்றாக இருத்தாதீர்கள். சேர்ந்து நுண்கடன் எடுக்கும் லோன் குழுவின் தலைவி வந்தால் அவருடைய குழுக்காரர் வேறு நாளில் வரட்டும். கிராமத்தில் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை, மாதர் சங்கத்தில் ஒருவரிடம் மெதுவாகக் கேட்டால் சொல்வார்.

இடத்துக்கு முன்பள்ளிக் கட்டடம் நல்லது. பிள்ளைகள் போன பிறகு அமைதியாக இருக்கும், பாய் விரிக்க நிலம் இருக்கும், பெண்கள் அங்கே போவதை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். லோன் வசூலிக்கும் கூட்டம் நடக்கும் மண்டபத்தை மட்டும் எடுக்காதீர்கள். அந்தச் சுவர்களுக்குள் நுழையும்போதே பெண்கள் தோளைச் சுருக்கிக்கொள்வார்கள்.

நாளைக் குறிப்பதும் அப்படித்தான். லோனின் வாரக் கட்டுக்காசு கட்டும் நாளில் கூப்பிட்டால், காலையில் ஐந்து வீடு ஏறி இறங்கிக் கைமாத்து வாங்கிக் களைத்துப்போய் வருவார்கள், அல்லது வரவே மாட்டார்கள். வெள்ளிக்கிழமை கிண்ணியா, மூதூர் முஸ்லிம் பெண்களுக்கும் சரிவராது, கோவிலுக்குப் போகிறவர்களுக்கும் சரிவராது. கருவாடு காய வைக்கும் வீடுகளில் வெயில் ஏறிய நேரத்தில் ஆளைக் கூப்பிடவே முடியாது. என் அனுபவத்தில் செவ்வாயும் புதனும், மதியச் சாப்பாடு முடிந்து இரண்டு மணியிலிருந்து நாலரை வரை ஒத்துவருகிறது. கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளைக் கட்டாயம் வையுங்கள், அவருக்குச் சம்பளமும் கொடுங்கள்.

முதல் நாள்: நான்கு ஒப்பந்தம்

தேத்தண்ணி குடித்து முடிந்ததும், கதை தொடங்குவதற்கு முன்பே, நான்கு விஷயங்களைச் சொல்லி எல்லாரிடமும் சம்மதம் வாங்குங்கள்.

கதை சொன்னவருக்கே சொந்தம். அதை வெளியே கொண்டு போவதானால் அவரிடம் கேட்க வேண்டும், நாடகமாக்குவதானாலும் கேட்க வேண்டும், சம்மதம் தந்த பிறகு மனம் மாறினாலும் சரி. இது முதலாவது. எவ்வளவு காசு என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது என்பது இரண்டாவது. சொல்ல விரும்புகிறவர் சொல்லட்டும். மூன்றாவது, போன் பைக்குள் இருக்கட்டும், படம் எடுப்பதில்லை. திட்டத்துக்குக் காசு தந்தவர்கள் படம் கேட்பார்கள். வெறும் பாயையும் தேத்தண்ணிக் கோப்பைகளையும் படம் எடுத்து அனுப்புங்கள்.

நாலாவதுதான் கடினம்: ஒருவர் கதை சொல்லும்போது புத்தி சொல்லக் கூடாது. "நீங்க அப்பவே அதைக் குடுத்திருக்கக் கூடாது அக்கா" என்று ஒரு குரல் வந்தால் சொன்னவர் அந்த நிமிடமே மூடிக்கொள்வார். நானும் பல தடவை நாக்கைக் கடித்துத்தான் இதைப் பழகினேன்.

கைகளிலிருந்து தொடங்குங்கள்

பெண்களை வட்டமாக நிற்க வைத்து, ஒரு சிறிய கடதாசியை நாலாக மடித்து ஒருவரிடம் கொடுங்கள். இதுதான் காசு. அவர் பக்கத்தில் நிற்பவருக்குக் கொடுக்க வேண்டும், அவர் அடுத்தவருக்கு. பேச்சில்லை. முதல் சுற்றில் எல்லாரும் சிரித்துக்கொண்டே கொடுப்பார்கள். அப்புறம் ஒவ்வொரு சுற்றுக்கும் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

நாட்கூலி. கடைச் சில்லறை. கட்டாரிலிருந்து தம்பி அனுப்பிய காசு. வட்டிக்கு வாங்கிய காசு. சீட்டு விழுந்த காசு. செத்த வீட்டில் கொடுக்கும் காசு. புருஷனிடம் கேட்டு வாங்கும் காசு. மகள் முதல் சம்பளத்தில் தந்த காசு.

ஒவ்வொரு சுற்றையும் அவசரப்படாமல் விடுங்கள். கை எந்த உயரத்தில் நிற்கிறது, உள்ளங்கை மேலே பார்க்கிறதா பக்கவாட்டில் நிற்கிறதா, வாங்கியதும் கடதாசி எங்கே போகிறது என்று பாருங்கள். நாட்கூலிக்கு நேராக நின்று எண்ணிப் பார்த்த பெண், புருஷனிடம் வாங்கும் சுற்றில் பார்வையைச் சுவருக்குத் திருப்புவதைப் பார்த்திருக்கிறேன். சீட்டுக் காசைப் பலர் எண்ணவே மாட்டார்கள், மார்போடு சேர்த்துப் பிடிப்பார்கள். வட்டிக் காசு என்றதும் ஒருமுறை ஒரு இளம் தாய் கடதாசியை வாங்கிய வேகத்திலேயே அடுத்தவர் கையில் திணித்துவிட்டார், நெருப்பைத் தொட்டவர் போல. குழு முழுவதும் சிரித்தது. பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

சுற்று முடிந்ததும் கேட்க ஒரே கேள்விதான்: "எந்தக் காசை வாங்கும்போது கை பாரமாக இருந்தது?" அதற்கு வரும் பதில்களிலேயே அடுத்த ஐந்து சந்திப்புக்கும் வேண்டிய கதைகளின் வாசல் இருக்கும். பட்டியல் எழுதாதீர்கள், நினைவில் வைத்திருங்கள்.

கிண்ணியா, மூதூர் ராத்தாமார் (முஸ்லிம் அக்காமார்) இருக்கும் குழுவில் வட்டி என்ற சொல்லைக் கவனமாகக் கையாளுங்கள். மார்க்கம் விலக்கிய ஒன்றில் கைவைத்துவிட்டோம் என்ற வேதனை, கடன்பட்ட வெட்கத்துக்கு மேலே இன்னொரு பாரம். அந்தச் சுற்றை நீங்களே தொடங்காமல், அவர்களில் ஒருவர் எடுத்தால் பின்னால் போங்கள். அதே குழுவில் மஹரும் (மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுப்பது) கைக்கூலியும் (பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குக் கொடுப்பது) என்று இரண்டு சுற்று வைத்துப் பார்த்தேன். மஹரை வாங்கிய கை ஒன்று, கைக்கூலியைக் கொடுத்த கை வேறொன்று. அன்று மாலை முழுவதும் அந்த இரண்டு கைகளைப் பற்றித்தான் பேச்சு.

இரண்டாம் நாள்: ஒரு பொருளைக் கொண்டு வாருங்கள்

"காசைப் பற்றி ஒரு கதை சொல்லுங்கள்" என்றால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். "காசை ஞாபகப்படுத்துகிற ஒரு பொருளைக் கொண்டு வாருங்கள், காசு வேண்டாம்" என்று சொன்னால் வருவார்கள். அடைவுத் துண்டு, அடைவில் மூழ்கிப்போன காப்பின் வெறும் பெட்டி, கடைக் கொப்பி, தையல் மெஷினின் உடைந்த ஊசி, மண்ணுண்டியல், பாஸ்போட்டின் பழைய பிரதி என்று எல்லாம் பாயில் வந்து சேரும்.

ஒருவருக்கு ஐந்து நிமிடம். பொருளைக் கையில் பிடித்துக்கொண்டுதான் பேச வேண்டும். வார்த்தை வராதபோது கண் போக ஒரு இடம் வேண்டும், அதற்காகத்தான். யாராவது தடுமாறினால் கேட்கச் சில கேள்விகளை வைத்திருங்கள்: இது வீட்டில் எந்த இடத்தில் இருக்கும்? யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது? இதைக் கடைசியாகத் தொட்டது எப்போது? "ஏன்" என்று தொடங்கும் கேள்விகளைத் தவிருங்கள். அது விசாரணை போல விழும்.

ஒரு நாள் ஒரு அம்மா பால்மாப் பேணி ஒன்றைக் கொண்டு வந்தார். மூடியில் துரு. இருபது வருடமாக அரிசி வாளிக்குள் புதைத்து வைத்திருந்தாராம். ஒவ்வொரு நாளும் சமையல் காசில் கொஞ்சம் பிடித்து அதற்குள் போடுவாராம். மகளின் சாமத்தியச் சடங்குக்கு எடுத்தது அதிலிருந்து, ஆஸ்பத்திரிக்கு ஓடியது அதிலிருந்து. 2006 இல் ஊரை விட்டு ஓடும்போது பேணியைத்தான் தூக்கினார், அரிசியை விட்டுவிட்டார். சொல்லி முடித்துவிட்டு மூடியைத் திறந்து எங்களுக்குக் காட்டினார். உள்ளே ஒரு சின்னத் துணி முடிச்சு மட்டும் இருந்தது. "இப்ப இதுக்குள்ள காசு இல்ல பிள்ள. ஆனா இத எறிய மனம் வரல்ல."

அந்தப் பேணியைப் பற்றி நான் ஒரு விளக்கமும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள். ஒரு கதை முடிந்ததும் ஒரு நிமிடம் சும்மா இருங்கள், பிறகு அடுத்தவரைப் பாருங்கள்.

தங்கத்தின் கதைகள் எப்போதும் அதிகமாக வரும். 2022 மார்ச்சில் டொலர் ஒன்று 200 ரூபாய் அளவில் இருந்து, மே மாதத்துக்குள் 360 வரை போனதும் தங்கப் பவுண் விலையும் அதோடு ஏறியதும் இங்கே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதையை விட்டுப் போயிருக்கிறது. நகை இருந்தவர் அதை வைத்து மூச்சு விட்டார். அதற்கு முந்தின வருடமே விற்றவர் இன்னும் அந்த விலை வித்தியாசத்தை மனதுக்குள் கணக்குப் பார்க்கிறார். காணி, வீட்டுக் கதைகளும் வரும். கிழக்கில் வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுக்கும் வழக்கம் பலமானது, அதனால் காணி உறுதி பெண்ணின் பெயரில் இருக்கும், அலுமாரிச் சாவி வேறு ஒருவரின் இடுப்பில் இருக்கும். யாழ்ப்பாணத்துக்குக் கலியாணம் முடித்துப் போனவர்களும், அங்கிருந்து வந்தவர்களும் இருந்தால் யாழ்ப்பாணத் தமிழருக்கான வழமைச் சட்டமான தேசவழமைச் சட்டத்தின் பேச்சும் எழும். அந்தச் சட்டத்துக்கு உட்பட்ட மனைவி தன் சொந்தக் காணியை விற்கவும் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்பதைப் பலர் முதன்முதலாக அங்கேதான் கேள்விப்படுவார்கள். யாருக்கு எது பொருந்தும் என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லப் போகாமல், ஒரு சட்டத்தரணியை ஒரு நாள் வரச் சொல்லுங்கள்.

மூன்றாம் நாள்: சிலைகள்

இதைச் சுருக்கமாகச் சொல்லலாம், செய்து பார்த்தால்தான் பிடிபடும். மூன்று மூன்று பேராகப் பிரிந்து, கேட்ட கதைகளில் ஒரு கணத்தை உடம்பால் உறைய வைத்துக் காட்ட வேண்டும். வசனம் இல்லை. முதலில் நடந்தது போல ஒரு சிலை. அப்புறம் நடந்திருக்க வேண்டியது போல ஒரு சிலை. பிறகு முதல் சிலையிலிருந்து இரண்டாவதற்கு மெதுவாக, பத்து எண்ணிக்கைக்குள், நகர்ந்து போக வேண்டும்.

அந்தப் பத்து எண்ணிக்கையைக் கவனியுங்கள். முதலில் அசைந்தது யார்? எந்த உறுப்பு அசைய மறுத்தது? குனிந்த தலையை நிமிர்த்தப் பத்து எண்ணிக்கை போதாமல் போன பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். நாடகத்தின் மையம் அங்கேதான் கிடைக்கும்.

பொருளைக் கொண்டு வந்தவர் தன் கதையில் தானே நடிக்க வேண்டாம். அவர் பாயில் இருந்து பார்க்கட்டும், விரும்பினால் "கையை இன்னும் கீழ விடு" என்று திருத்தட்டும்.

நாலாம் நாள்: கதைகளைக் கலத்தல்

திருகோணமலை பெரிய ஊர் இல்லை. நிலாவெளியில் சொன்ன கதை மறுநாள் சாம்பல்தீவுச் சந்தியில் நிற்கும். ஆகவே ஒருவருடைய கதையை அப்படியே மேடையேற்றவே கூடாது. நாங்கள் செய்வது இதுதான்: மூன்று கதைகளை எடுத்து ஒன்றாகப் பிசைகிறோம். ஒருவரின் பொருள், இன்னொருவரின் உறவு, மூன்றாமவரின் முடிவு. தொழிலை மாற்றுங்கள், பிள்ளைகளின் எண்ணிக்கையை மாற்றுங்கள், காசின் அளவை மாற்றுங்கள். பாத்திரங்களுக்குப் பெயர் வைக்காமல் அக்கா, அம்மா, தம்பி, மாமி என்று உறவாலேயே கூப்பிடுங்கள். ஊர்ப் பெயர் வேண்டாம்.

மாற்றக் கூடாதது ஒன்று உண்டு: உடம்பு. அந்தச் சுவரைப் பார்த்த பார்வை, நெருப்பைத் தொட்டது போலக் கடதாசியைத் திணித்த வேகம், இவை உண்மையானவை. அவற்றை விட்டுவிட்டு விவரங்களை மட்டும் பிடித்தால் நாடகம் அறிவித்தல் பலகை போல ஆகிவிடும்.

கலந்து முடித்ததும் மூன்று பேருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் காட்டுங்கள். "இதில் என்னை யாராவது கண்டுபிடிப்பார்களா?" என்று அவர் ஒரு நொடி யோசித்தாலும் இன்னும் மாற்றுங்கள்.

ஒரு காட்சிக்குப் பன்னிரண்டு நிமிடம் போதும். வசனத்தை எழுதிப் பாடமாக்க வேண்டாம். பெண்கள் வீட்டில் பேசுவதைப் பேசட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்து குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் காட்சி ஒன்று இப்படி வந்தது. அக்கா அடுப்படியில் பிட்டு அவிக்கிறாள், தம்பி வெளிநாடு போக ஏஜென்சிக்குக் காசு கட்ட வேண்டும், அம்மா வாசலில்.

தம்பி: மூண்டு மாசம் அக்கா. போய் இறங்கின முதல் சம்பளத்தில மீட்டுத் தாறன்.

அக்கா: போன முறையும் மூண்டு மாசம் எண்டுதானே சொன்னனீ.

தம்பி: அது அப்ப.

அம்மா: கூடப் பிறந்தவன் கேக்கிறான். கழுத்தில கிடந்து என்ன செய்யப் போகுது?

அக்கா: (பேசவில்லை. பிட்டுக் குழலைத் தட்டுகிறாள்.)

அம்மா: உன்ட அப்பா இருந்திருந்தா உன்னட்ட வந்து நிக்க வேண்டி வந்திருக்குமா?

அக்கா ஈரக் கையைச் சட்டையில் துடைக்கிறாள். சங்கிலியின் கொக்கியைத் தேடி இரண்டு கையும் பின்கழுத்துக்குப் போகின்றன. காட்சி அங்கே நிற்கிறது.

அந்த முடிவை ஒரு நடிகை தானாகவே கண்டுபிடித்தார். கொக்கி கழலவில்லை, அவர் தேடிக்கொண்டே இருந்தார், பார்த்தவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தார்கள். முடிவில்லாத முடிவுதான் உங்களுக்கு வேண்டும். அக்கா தோற்கும் இடத்தில் காட்சியை நிறுத்துங்கள்.

காட்சிகளுக்கு இடையில் கும்மி வையுங்கள். மெட்டு எல்லாருக்கும் தெரியும், அடியைப் பெண்களே கட்டுவார்கள். எங்கள் குழு கட்டியதில் இரண்டு அடி:

ஆடி பிறந்தது அரிசி குறைஞ்சது
அடைவுக் கடைக்கொரு சங்கிலி போனது

ஆட விரும்பாதவர்கள் குரவை போடட்டும். கிழக்கில் தமிழ்ப் பெண்களுக்கும் முஸ்லிம் பெண்களுக்கும் குரவை பொதுவானது. இரண்டு பக்கத்திலிருந்தும் அந்தச் சத்தம் எழும்போது பார்ப்பவர்கள் தாங்களாகவே நெருங்கி இருப்பார்கள்.

ஐந்தாம் நாள்: "நில்லுங்கோ!"

இப்போது நாடகத்தின் முக்கியமான பகுதி. காட்சியை ஒருமுறை முழுவதும் காட்டுங்கள். பிறகு மறுபடி தொடக்கத்திலிருந்து. இந்த முறை பார்ப்பவர்களில் யாரும் "நில்லுங்கோ!" என்று கத்தலாம். கத்தியவர் எழுந்து வந்து, அக்காவின் இடத்தில் நின்று, தான் என்ன செய்வார் என்று செய்து காட்ட வேண்டும். சொல்லக் கூடாது, செய்ய வேண்டும்.

இதற்கு மன்ற அரங்கு என்று பெயர். உருவாக்கியவர் பிரேசில் நாட்டு அரங்கக் கலைஞர் அகஸ்தோ போவால் (1931–2009). 1971 இல் இராணுவ ஆட்சி அவரைக் கைது செய்து சித்திரவதை செய்தது, பிறகு நாட்டை விட்டுப் போனார். 1973 இல் பெரு நாட்டில் ஒரு எழுத்தறிவுத் திட்டத்தில் வேலை செய்தபோது நடந்ததை அவரே சொல்லியிருக்கிறார். அந்தக் கதை எங்கள் ஊர் அடுப்படியில் நடந்தது போலவே இருக்கும்.

எழுத வாசிக்கத் தெரியாத ஒரு பெண். அவளுடைய கணவன், ஊருக்கு வெளியே வீடு கட்டுகிறேன் என்று சொல்லி மாதா மாதம் அவளிடம் காசு வாங்குவான். சில நேரம் கையால் எழுதிய, வாசனை பூசிய துண்டுகளைக் கொடுத்து, ரசீது, பத்திரமாக வை என்பான். ஒரு நாள் சண்டை வந்து, அவள் பக்கத்து வீட்டுக்காரியிடம் அந்தத் துண்டுகளை வாசிக்கக் கொடுத்தாள். அவை ரசீதுகள் இல்லை. அவனுடைய காதலி அவனுக்கு எழுதிய கடிதங்கள். மறுநாள் அவன் வீட்டுக்கு வருகிறான், நான் என்ன செய்யட்டும் என்று அவள் போவாலின் குழுவிடம் வந்து கேட்டாள். குழு நடித்துக் காட்டியது, பார்த்தவர்கள் யோசனை சொன்னார்கள், நடிகர்கள் செய்தார்கள். ஒரு பருமனான பெண்ணுக்கு மட்டும் எதுவும் திருப்தியாக இல்லை. தெளிவாகப் பேச வேண்டும் என்றாள். பேசிக் காட்டினார்கள், அதுவும் போதவில்லை. கடைசியில் போவால், நீங்களே வந்து செய்யுங்கள் என்றார். அவள் ஏறி வந்து, கணவனாக நடித்தவரை விளக்குமாற்றால் நன்றாகச் சாத்திவிட்டு, போய்ச் சாப்பாடு எடுத்து வரச் சொன்னாள். பார்ப்பவரே மேடையேறும் முறை அப்படித்தான் பிறந்தது. ஏமாற்றப்பட்ட ஒரு பெண்ணின் காசுக் கதையிலிருந்து பிறந்த அரங்கு இது என்பதால்தான் நான் இதை இந்த வேலைக்குத் தேர்ந்தேன்.

நடுவில் நின்று நடத்த ஒருவர் வேண்டும். எங்கள் கூத்தில் கட்டியக்காரன் வந்து சபைக்கும் ஆட்டத்துக்கும் நடுவில் நின்று பேசுவது போல. ஆகவே அவரைக் கட்டியக்காரி என்கிறோம். அவருக்குச் சில விதிகள்.

மாற்றுவது அக்காவை மட்டும்தான். தம்பியை நல்லவனாக மாற்றினால் கதை முடிந்துவிடும், யாரும் எதையும் கற்க மாட்டார்கள். மந்திரம் வேண்டாம். லொத்தர் விழுந்தது, மாமா இலண்டனிலிருந்து காசு அனுப்பினார் என்று யாராவது செய்தால் சபையிடமே கேளுங்கள்: "இது எங்கட வீட்டில நடக்குமா?" சபை சிரித்துக்கொண்டே இல்லை என்னும். தம்பியாக நடிப்பவரும் அம்மாவாக நடிப்பவரும் எளிதில் விட்டுக் கொடுக்கக் கூடாது. உண்மையான அம்மா விடுவாரா?

ஒருமுறை மூன்று பேர் எழுந்தார்கள். முதலாவது பெண் "முடியாது" என்று சொன்னார். அம்மா அழத் தொடங்கியதும் அவர் கை தானாகவே பின்கழுத்துக்குப் போனது, தோற்றுவிட்டார். இரண்டாமவர் பாதிக் காசுக்கு வேறு ஒரு நகையைத் தருகிறேன் என்று பேரம் பேசினார். மூன்றாமவர் வயதானவர், மெதுவாக வந்து நின்றார். தம்பியைப் பார்க்கவே இல்லை. அம்மாவின் கையைப் பிடித்து, "அம்மா, உங்கட சங்கிலி எங்க போனது எண்டு எனக்குச் சொல்லுங்கோ" என்றார். அம்மாவாக நடித்தவரால் பதில் சொல்ல முடியவில்லை. சபையில் யாரோ விம்மினார்கள். கட்டியக்காரி அங்கே நிறுத்தினார், நானும் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

எது சரியான வழி என்று வாக்கெடுக்காதீர்கள். ஒவ்வொன்றையும் செய்த பிறகு, "இதைச் செய்தால் அடுத்த நாள் காலையில் அந்த வீட்டில் என்ன நடக்கும்?" என்று மட்டும் கேளுங்கள்.

முதல் காட்டுதல் பெண்களுக்கு மட்டும். அது நன்றாக நடந்த பிறகு, நடிப்பவர்கள் எல்லாரும் சம்மதித்தால், ஆண்களும் இருக்கும் சபைக்குப் போங்கள். வெளியில் செய்வதானால் காற்றைப் பாருங்கள். மே முதல் செப்டம்பர் வரை கச்சான் அடிக்கும், குரலைக் கடலுக்குக் கொண்டு போய்விடும். சபையைக் காற்றுப் போகும் பக்கம் இருத்துங்கள். ஒக்டோபருக்குப் பிறகு மழை, கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.

அழுகை வரும்போது

வரும். குறிப்பாக லோன் கதைகளில். ஐந்து பேர் குழுவாகச் சேர்ந்து எடுக்கும் நுண்கடனில் ஒருவர் கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் சேர்ந்து கட்ட வேண்டும். அதனால் வசூலிக்க வருபவரைவிடப் பக்கத்து வீட்டுத் தோழியின் முகம் பயமாகிவிடுகிறது. 2018 இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகள் நிபுணர் குவான் பாப்லோ போஹோஸ்லாவ்ஸ்கி, இத்தகைய சில கடன்களின் வட்டி வருடத்துக்கு 220 வீதம் வரை போவதாகச் சுட்டிக்காட்டினார். அதே வருடம் வறட்சி மாவட்டங்களில் பெண்கள் எடுத்த, ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவித்தது. இந்தத் தகவல்களைக் குழுவில் சொல்லுங்கள். தன் கெட்டித்தனம் போதாமல்தான் கடனில் விழுந்தேன் என்று நம்பிக்கொண்டிருக்கும் பெண், நாடு முழுவதும் தன்னைப் போன்றவர்கள் இருந்தார்கள் என்று கேட்கும்போது நிமிர்ந்து உட்காருவார்.

அழுகிறவரை உடனே தட்டிக்கொடுத்து நிறுத்தாதீர்கள். தண்ணீர் கொடுங்கள், பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும், வட்டம் காத்திருக்கட்டும். காசோடு அடியும் சேர்ந்து வரும் கதை என்றால் அதை நாடகமாக்க வேண்டாம். சந்திப்பு முடிந்ததும் தனியாகப் பேசுங்கள். பெண்களுக்கான 1938, மனநலத்துக்கான 1926 என்ற தொலைபேசி இலக்கங்களையும், பிரதேச செயலகத்திலுள்ள பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரின் பெயரையும் சிறு துண்டில் எழுதித் தயாராக வைத்திருங்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரித் துண்டைக் கொடுங்கள், அப்போதுதான் ஒருவர் மட்டும் தனித்துத் தெரிய மாட்டார். நீங்கள் கடன் தீர்த்துத் தருவதாகவோ திட்டம் வரும் என்றோ வாக்குக் கொடுக்காதீர்கள். உங்கள் சொந்தக் காசையும் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அடுத்த சந்திப்பில் அந்தக் கை உங்களுக்கு முன்னால் குனிந்து நிற்கும்.

ஆறாம் நாள்

இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நாடகம் முடிந்து ஒரு வாரம் கழித்து கட்டாயம் ஒருமுறை கூடுங்கள். வீட்டில் யார் என்ன சொன்னார்கள், தெருவில் யாராவது ஏதாவது கேட்டார்களா என்று கேளுங்கள். பிரச்சினை வந்திருந்தால் அந்தக் காட்சியை நிறுத்திவிடுங்கள், எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

அப்புறம் முதல் நாள் கடதாசி விளையாட்டை மறுபடி வையுங்கள். அதே வார்த்தைகள், அதே ஒழுங்கு. நான் பார்த்த குழுக்களில் எல்லாக் கைகளும் மாறுவதில்லை. புருஷனிடம் வாங்கும் சுற்று அநேகமாக அப்படியேதான் இருக்கும். ஆனால் ஒருமுறை, நாட்கூலிச் சுற்றில், முதல் நாள் கடதாசியைச் சட்டென்று மறைத்த ஒரு தங்கச்சி அதை விரித்து, நெற்றிக்கு நேரே பிடித்து, வெளிச்சத்தில் பார்த்தார். கள்ள நோட்டா என்று பார்க்கிறாராம்.

பொருட்களைக் கொண்டு வந்தவர்கள் எடுத்துக்கொண்டு போகட்டும். நீங்கள் எழுதிய குறிப்புகளை அவர்கள் முன்னாலேயே கிழித்து அடுப்பில் போடுங்கள். பால்மாப் பேணி அம்மா பேணியைப் பைக்குள் வைக்க முன் வாசலில் நின்று, பிஸ்கட் பேணியிலிருந்து பஸ் காசை எண்ணி எடுத்தார். மிச்சத்தைத் திருப்பி உள்ளே போட்டுவிட்டு மூடியை இறுக்கி மூடினார்.